எல்லாமே மஞ்சள் பைக்குள் போகக் கூடாது

கேள்வி: என் அக்கா சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்க்கிறார். கொரோனா சமயத்தில் முகக்கவசம், ட்ரிப்ஸ் குழாய், பழத்தோல், ஊசி எல்லாவற்றையும் ஒரே மஞ்சள் பையில் கட்டித் தரச் சொன்னார்களாம். அப்படிக் கட்டும்போது ஒரு நாள் கையில் ஊசி ஏறிவிட்டது. ‘தொற்றுக் காலத்தில் பிரித்துக்கொண்டு நிற்க முடியுமா, மொத்தமாக எரிப்பதுதான் பாதுகாப்பு’ என்று இன்றும் சொல்கிறார்களாம். அது சரியா?
– வாசகி, சிதம்பரம்

பதில்: முதலில் அக்காவின் கையைப் பற்றிப் பேசிவிடுவோம். ஊசி குத்திய பிறகு ரத்தப் பரிசோதனை செய்தார்களா? இல்லையென்றால் இந்த வாரமே ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் பார்த்துவிடுங்கள். கொரோனா மூச்சுக்காற்றில் பரவியது. ஊசி கொண்டுவருவது ரத்தத்தில் இருக்கும் நோய்களை. ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாதவரைக் குத்தினால் நூற்றில் 30 பேருக்கு வரை தொற்றலாம். எச்.ஐ.வி.யில் அது ஆயிரத்தில் 3. இனி ஒருமுறை குத்தினால் பிதுக்க வேண்டாம். ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

மொத்தமாக எரிப்பது சரியல்ல. 2020 மே மாதம் கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்களால் கடலூர் மாவட்டத்தில் தொற்று திடீரென ஏறியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்தப் பதற்றத்தில் எல்லாவற்றுக்கும் எரிக்கப் போகும் மஞ்சள் பையை நாடியது எனக்குப் புரிகிறது. ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த ஆண்டு ஜூலையில் திருத்தி வெளியிட்ட கோவிட் வழிகாட்டுதலே பிரிக்கத்தான் சொன்னது. முகக்கவசம், தலையுறை, காலணி உறை மஞ்சளில். கண்ணைக் காக்கும் கண்ணாடி, முகத்தடுப்பு, பிளாஸ்டிக் அங்கி, கையுறை சிவப்பில். சளியோ ரத்தமோ படாத பழத்தோல், தண்ணீர் பாட்டில், மருந்து அட்டை வழக்கமான குப்பையில். ஊசிக்கு எப்போதும் குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டிதான். கோவிட் வார்டுக் கழிவுக்கென்று கூடுதலாகச் சேர்ந்தவை இரட்டைப் பை, பெயர்ச் சீட்டு, பெட்டியின் வெளிப்புறத்தை 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைப்பது.

சிவப்புப் பை எரிவதற்குப் போவதில்லை. நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும். அதோடு ஈரக் குப்பையையும் எரியுலையில் போட்டால் ஈரத்தால் வெப்பம் இறங்கும். உலையின் இரண்டாம் அறையில் 1,050 டிகிரி அளவு வெப்பத்தில் புகை 2 விநாடி நின்றாக வேண்டும், இல்லாவிட்டால் பி.வி.சி. பிளாஸ்டிக்கிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு காற்றில் கலக்கும். உலையின் கொள்ளளவுக்கு மேல் பைகள் சேர்ந்தால் மருத்துவமனையிலேயே தேங்கும். 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016 விதி.

நம் பக்கத்தில் இந்தத் தேக்கத்தில் இன்னொரு பயம் உண்டு. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் மழையின்போது நடராசர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. அப்படி ஒரு நேரத்தில் மருத்துவமனையின் பின்புறம் தரைமட்ட அறையில் பைகள் கிடந்தால் என்ன ஆகும்? மிதந்து தெருவுக்கு வரும். வாய்க்கால் வழியாக வெள்ளாற்றுக்கும் பிச்சாவரத்துக்கும் போகும். கடலூர், சிதம்பரத்தில் மருத்துவக் கழிவு வைக்கும் அறையைத் தளம் உயர்த்திக் கட்ட வேண்டும், ஐப்பசிக்கு முன்பே. இதை நான் எந்தக் கட்டட வசதியைவிடவும் முக்கியமாக நினைக்கிறேன்.

அக்கா கேட்க வேண்டியவை இவை. கட்டிலருகிலேயே ஊசி வெட்டும் கருவியும் வெள்ளைப் பெட்டியும், கனத்த ரப்பர் கையுறை, பூட்ஸ். குத்திய சம்பவத்தை எழுத்தில் பதியச் சொல்லட்டும். ஆண்டுக்கொருமுறை உடல் பரிசோதனையும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் 2016 விதிப்படி நிர்வாகத்தின் கடமை. யாரும் செய்யும் உபகாரமல்ல. மறுத்தால் கடலூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். வேலைக்கு ஆபத்து என்று அக்கா தயங்கினால் நீங்கள் உங்கள் பெயரில் எழுதலாம். பரிசோதனையில் தொற்று இல்லையென்று வந்தால் ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. மூன்று தேதியையும் வீட்டுக் காலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள்.