வயசானா அப்படித்தானா?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை, பி.பி. எதுவும் இல்லை. ஆனால் ஒரே வருஷத்தில் ஆள் பாதியாகிவிட்டார். சந்தை வரை நடந்தவர், இப்போது திண்ணையோடு சரி. ‘வயசானா அப்படித்தான்’ என்கிறார்கள். நிஜமா?
- வாசகி, தியாகதுருகம்

பதில்: பாதிதான் நிஜம். முதுமை எல்லோருக்கும் வரும். இந்தத் தளர்ச்சி எல்லோருக்கும் வருவதில்லை. 2001-இல் அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைட் குழுவினர் ஐந்து அடையாளங்கள் சொன்னார்கள்: தானாக எடை குறைவது (ஓராண்டில் சுமார் 4.5 கிலோ), ஓயாத அசதி, கைப்பிடியில் பலமின்மை, மெதுவான நடை, சுருங்கிய நடமாட்டம். இவற்றில் மூன்று இருந்தாலே தளர்ச்சிதான். இப்படிப்பட்டவரைச் சாதாரணக் காய்ச்சலோ, குளியலறையில் ஒரு சறுக்கலோ படுக்கையில் தள்ளிவிடும்.

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். எடை குறைய தைராய்டு, காசநோய், மனச்சோர்வு, ஏன், பல் இல்லாததுகூடக் காரணமாகலாம். ‘நீ சும்மா உட்காரும்மா’ என்பது பாசம்தான். ஆனால் உட்கார உட்காரத் தசை கரையும். டாக்டர் சரியென்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் செய்யட்டும், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். ராத்திரி வெறும் ரசஞ்சாதத்தோடு முடிக்காமல் முட்டையோ வேகவைத்த பயறோ கொடுங்கள். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.