டிரான்சிஸ்டரும் நம் கடைத் தராசும்



தோட்டத்துப் பெரியவர்கள் கையடக்க வானொலியை "டிரான்சிஸ்டர்" என்றே சொல்லிப் பழகியவர்கள். வானொலிக்குள் இருந்த ஓர் உறுப்பின் பெயர் வானொலிக்கே ஆகிவிட்டது. குழம்புக்கு உப்பு என்று பெயர் வைத்தது போல. இன்று அந்த உறுப்பு நம் கடையில் இல்லாத இடமில்லை. தராசிலே, பணப்பெட்டியிலே, கியூஆர் பணம் வந்துவிட்டதென்று குரல் கொடுக்கும் பெட்டியிலே, எல்இடி விளக்கிலே, கைபேசி அடாப்டரிலே எல்லாம் அதுதான். அதை விற்கிறோம், அதை நம்பி நிறுக்கிறோம், கணக்கு முடிக்கிறோம். ஆனால் அது என்ன வேலை செய்கிறதென்று யாராவது கேட்டால் நம்மில் பலருக்குப் பதில் வராது. இதை அறியப் பெரிய படிப்பு தேவையில்லை.

முற்காலத்து வானொலி வால்வு வானொலி. கண்ணாடிக் குழாய்க்குள் இழை சிவந்து சூடான பின்பே பாட்டு வரும். உயர்ந்த வோல்ட் மின்சாரமும் வேண்டும். மின்சாரம் எட்டாத லயத்து வீட்டுக்கு அது பெரும்பாடு. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டெய்ன் என்ற இருவர், ஜெர்மானியம் என்ற பொருளின் சிறு துண்டின் மேல் இரண்டு தங்க முனைகளை ஊன்றி, வால்வு செய்த வேலையை இழையும் சூடும் இல்லாமல் செய்து காட்டினார்கள். அவர்களுடைய குழுத் தலைவர் வில்லியம் ஷாக்லியையும் சேர்த்து மூவருக்கும் 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. 1954இன் கடைசியில் ரீஜென்சி என்ற அமெரிக்க வானொலி நான்கே டிரான்சிஸ்டருடன் சந்தைக்கு வந்தது. மறு வருஷமே ஜப்பானின் சோனியும் வந்தது. அதன் பிறகு சில சிறிய பேட்டரிகள் இருந்தால் போதும், பால்மரக்காட்டின் நடுவிலும் பாட்டுக் கேட்கலாம் என்றாயிற்று.

சரி, அது செய்யும் வேலை என்ன? கெடாவில் வயல் பார்த்தவர்களுக்கு இதை விளங்க வைப்பது சுலபம். அலோர் ஸ்டாரிலிருந்து குருண் பக்கம் போகும் வான் மாட் சமான் கால்வாயைப் பார்த்திருப்போம். மூடா, பெடு அணைகளின் தண்ணீர் வயல்களுக்கு வருவதையும் அறிவோம். கால்வாயிலே மதகு உண்டு. ஒரு மனிதர் சக்கரத்தைக் கையால் திருப்புகிறார். அந்தப் பக்கம் ஆயிரம் ஆள் சுமக்க முடியாத தண்ணீர் பாய்கிறது. அந்தத் தண்ணீரை அவருடைய கை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே தேங்கி நின்ற தண்ணீரைப் போ, நில், கொஞ்சமாய்ப் போ என்று ஆள்கிறது, அவ்வளவே.

டிரான்சிஸ்டர் ஒரு மின்சார மதகு. அதற்கு மூன்று கால். ஒன்று மின்சாரம் வரும் வழி, ஒன்று போகும் வழி, மூன்றாவது மதகின் சக்கரம். அந்தச் சக்கரக் காலில் ஒரு பங்கு மின்னோட்டத்தைக் கொடுத்தால் பெரிய வழியில் ஏறக்குறைய 100 பங்கு ஓடும். கூடுதலாக வரும் அந்த மின்சாரம் பேட்டரியினுடையது, சக்கரக் கால் கொடுத்ததன்று. காற்றில் வரும் வானொலி அலை மிகமிக மெலிந்தது. அது சக்கரத்தை அசைக்கிறது. பேட்டரியின் மின்சாரம் அதே அசைவோடு பாய்ந்து ஒலிபெருக்கியை ஆட்டுகிறது. வானொலியின் இரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

உள்ளே இருப்பது சிலிக்கன். மணலிலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்தியது. சுத்த சிலிக்கன் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதிலே அணுவளவு பாஸ்பரஸ் கலந்தால் எலெக்ட்ரான் மிகுதியாகும். போரான் கலந்தால் குறைவு உண்டாகும். மிகுதி, குறைவு, மிகுதி என்று மூன்று அடுக்காக வைத்து, நடு அடுக்கை மிக மெல்லியதாகச் செய்தால் அதுவே மதகு. நடு அடுக்குக்கு 0.6 அல்லது 0.7 வோல்ட் கொடுக்கும் வரை கதவு மூடியே இருக்கும்.

இதற்குப் பிறகு வந்த இன்னொரு வகைதான் இன்று உலகை ஆள்கிறது. அதைச் செய்தவர்களில் ஒருவர் முகம்மது அத்தாலா. 1924இல் எகிப்தின் போர்ட் சயீதில் பிறந்து கெய்ரோவில் படித்தவர். அவரும் கொரியரான டாவோன் காங்கும் பெல் ஆய்வுக்கூடத்தில் 1959இல் செய்து முடித்து, 1960இல் வெளியிட்டார்கள். சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவே கண்ணாடி போன்ற மெல்லிய ஆக்ஸைடு படலம். சக்கரத்தைத் திறந்து வைத்திருக்க மின்னோட்டமே தேவையில்லை, வோல்ட் இருந்தால் போதும். ஆகவே செலவு குறைந்தது, உருவமும் சிறுத்துக்கொண்டே போனது. இன்றைய கைபேசியின் ஒரு சில்லில் இப்படிப்பட்ட மதகுகள் ஆயிரம் கோடிக்கும் மேல் இருக்கின்றன. அதே அத்தாலா பிற்பாடு, 1970களில், வங்கி அட்டையின் இரகசிய எண்ணைக் காக்கும் பெட்டியையும் அமைத்தார். வாடிக்கையாளர் நம் கல்லாவில் அட்டையைச் செருகி எண்ணை அழுத்தும்போது அவருடைய உழைப்பு இரண்டு விதத்தில் அங்கே நிற்கிறது. அவருக்கு நோபல் பரிசு கிடைக்காமற் போனது பெரிய குறை என்பதே நம் அபிப்பிராயம்.

மதகை இரண்டு விதமாக நடத்தலாம். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடலாம். அல்லது முழுக்கத் திற, முழுக்க மூடு என்று மட்டும் வைக்கலாம். பாதி திறந்த டிரான்சிஸ்டர் சூடாகும். முழுக்கத் திறந்ததில் தடை குறைவு, முழுக்க மூடியதில் ஓட்டமே இல்லை. ஆகையால் இரண்டிலும் சூடு சொற்பம். கணக்குப் போடும் சில்லுகள் திறப்பதை 1 என்றும் மூடுவதை 0 என்றும் வைத்துக்கொள்கின்றன. கைபேசி அடாப்டரும் இந்தத் திற, மூடு வேலையைத்தான் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை செய்கிறது. பழைய அடாப்டர் கல்லைப்போல் கனத்ததும் இன்றையது தீப்பெட்டியளவு ஆனதும் இதனால்தான்.

இங்கே ஒரு ஜாக்கிரதை. 230 வோல்ட் பக்கத்துக்கும் கைபேசி செருகும் 5 வோல்ட் பக்கத்துக்கும் இடையே உயிரைக் காப்பது உள்ளேயிருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும், இரண்டு பக்கத்துக்கும் விடப்பட்ட இடைவெளியுமே. மலிவாகச் செய்பவர் முதலில் கை வைப்பதும் அங்கேதான். வெளியே பார்த்தால் தெரியாது. ஆகவே சிரிம் முத்திரை இல்லாத அடாப்டரை நான்கு வெள்ளி இலாபத்துக்காகக் கடையில் தொங்கவிடக் கூடாது. இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வைப்பதும் நல்லது. முன்சொன்ன அந்த மெல்லிய படலத்தில் மின்வெட்டு ஒருமுறை ஓட்டை போட்டால் அதைப் பழுது பார்க்க வழியில்லை.

இந்தச் சாமான் எங்கோ தூர தேசத்தில் மட்டும் உற்பத்தியாவதென்று எண்ண வேண்டாம். பினாங்கில் இன்டெல் 1972இலேயே ஆலை வைத்தது. நம் கெடாவின் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஜெர்மனியின் இன்ஃபினியன் நிறுவனம் 2006இல் ஆலை திறந்தது. அதன் மூன்றாம் ஆலையின் முதற் கட்டம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அங்கே சிலிக்கன் கார்பைடு என்ற பொருளில் செய்யும் மதகுகள் அதிக வோல்ட்டையும் சூட்டையும் தாங்கும். மின்சாரக் காருக்கும் சூரிய ஒளி மின்சாரத்துக்கும் போகும். ஷிப்டு முடிந்து நம் கடையில் தே தாரிக் குடிக்கும் பிள்ளைகளைக் கேட்டால், உடம்பு முழுவதும் மூடிய உடையைப் பற்றியும், கையிலுள்ள மின்சாரம் சில்லைக் கெடுக்காதிருக்க மணிக்கட்டில் கட்டும் பட்டியைப் பற்றியும் நம்மைவிட நன்றாகவே சொல்வார்கள்.

இனித் தராசுக்கு வருவோம். நமக்கு முக்கியம் இதுதான். தட்டின் கீழே ஓர் அலுமினியக் கட்டை இருக்கிறது. அதன்மேல் மெல்லிய தகட்டுக் கம்பிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பாரம் வைத்தால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. கம்பியின் மின்தடை சற்று மாறுகிறது. முழுப் பாரமாகிய 30 கிலோவை வைத்தாலும் அதிலிருந்து வருவது சாதாரணமாக 10 மில்லிவோல்ட் அளவே. அப்படியானால் 5 கிராமுக்கு எவ்வளவு? ஒரு மில்லிவோல்ட்டின் 600இல் ஒரு பங்கு! இதைத்தான் டிரான்சிஸ்டர்கள், வானொலி அலையைப் பெருக்கியதுபோல் பெருக்கி, எண்ணாக மாற்றிக் காட்டுகின்றன.

பெருக்குபவனுக்கு நல்லது கெட்டது தெரியாது. ஈரத்தால் கசியும் சிறு மின்சாரத்தையும், மேலே சுழலும் விசிறிக் காற்றின் அழுத்தத்தையும் எடையோடு சேர்த்தே பெருக்கிவிடும். மீன், உப்பு, கருவாடு நிறுக்கும் கடைகளில் தராசு சீக்கிரம் கெடுவது இதனால்தான். பேட்டரி இறங்கினாலும், தட்டின் அடியில் ஒரு வெங்காயத் தோல் சிக்கினாலும் எண் மாறலாம். சிவப்பு எழுத்தில் மின்னும் எண்ணைக் கண்டு, இயந்திரம் பொய் சொல்லாது என்று வாடிக்கையாளரிடம் வாதாடுவது சரியன்று. அளவையில் ஒரு கிராமும் குறையக்கூடாதென்பது நமக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1972ஆம் வருஷத்து எடை அளவைச் சட்டப்படி, வியாபாரத் தராசை வருஷந்தோறும் சோதித்து முத்திரை பெறவேண்டும். அது வருஷத்தில் ஒரு நாள். மற்ற நாள்கள் நம் பொறுப்பு. முத்திரையுள்ள ஒரு கிலோ எடைக்கல் ஒன்றைக் கல்லாவில் வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ சீனிப் பொட்டலம் இதற்கு உதவாது. காலையில் கடை திறந்ததும் தராசைப் போட்டுச் சற்று நேரம் விட்டு, தட்டின் நடுவிலும் நான்கு மூலையிலும் அந்தக் கல்லை வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் ஏறிய பின் மறுபடி ஒரு தடவை. ஐந்து இடத்திலும் ஒரே எடை வராவிட்டால் முத்திரையை உடைத்து நாமே திருகாணி திருப்பக்கூடாது. உரிமம் பெற்றவரைக் கூப்பிட வேண்டும். அவர் வரும் வரை அந்தத் தராசில் நிறுக்காமல், பரணிலுள்ள பழைய தட்டுத் தராசை இறக்கித் துடைத்துக்கொள்ளலாம். அதன் முத்திரையும் நடப்பில் இருந்தால்.