பொறிக்கும் நம் மொழி புரிய வேண்டும்

வங்கி, இரயில் நிலையம், மருத்துவமனை என்று கணிப்பொறி இன்று எங்கும் நுழைந்துவிட்டது. அது வேகமாகக் கணக்கிட்டால் மட்டும் போதுமா? நாம் சொல்வது அதற்கும், அது சொல்வது நமக்கும் விளங்க வேண்டுமல்லவா? மனிதரும் பொறியும் சந்திக்கும் திரை, பொத்தான், விளக்கு, ஒலி ஆகியவற்றை ‘இடைமுகம்’ என்பர். அது சரியாக அமையாவிட்டால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம்.

நம் ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அவ்வா தெலுங்கு பேசுபவர். எந்த மொழியிலும் எழுத்தறியாதவர். ஒரு நாள் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன் தனியாக நின்றார். எந்த மொழி வேண்டும் என்று திரை எழுத்தில் கேட்டது. அவர் தயங்கி நிற்பதற்குள் அட்டை வெளியே வந்துவிட்டது. வேறு வழியின்றிப் பின்னால் நின்றவரிடம் அட்டையைக் கொடுத்து, இரகசிய எண்ணையும் சொல்லிவிட்டார். நல்லவேளை, பணம் போகவில்லை. ஆனால் இரகசியம் போய்விட்டது!

அதே அவ்வா 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் யார் துணையுமின்றி வாக்களித்துத் திரும்பினார். இது எப்படி முடிந்தது?

வாக்குப்பதிவு இயந்திரத்தைச் செய்யும் இரு நிறுவனங்களுள் ஒன்றான பாரத் எலெக்ட்ரானிக்ஸ், நமக்கு அருகிலுள்ள பெங்களூரில்தான் இருக்கிறது. 1982இல் கேரளத்தின் பறவூரில் இவ்வியந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. 2001இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுவதும் இதிலேயே நடந்தது. இதனிடம் நாம் கற்கத் தக்கவை நான்கு.

முதலாவது, மக்கள் முன்பே அறிந்ததைப் பயன்படுத்துதல். 1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தல் முதலே எழுதப் படிக்கத் தெரியாதோருக்காகச் சின்னங்கள் இருந்தன. இயந்திரமும் அவற்றையே ஏற்றுக்கொண்டது. சின்னத்தின் அருகில் ஒரு நீலப் பொத்தான், அவ்வளவே.

இரண்டாவது, உடனே பதில் சொல்லுதல். பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரிகிறது. ‘பீப்’ என்று ஒலி எழுகிறது. 2013 முதல் படிப்படியாகச் சேர்க்கப்பட்ட கருவியில், நாம் தேர்ந்த சின்னம் அச்சிட்ட சீட்டும் ஏழு விநாடி தெரிகிறது.

மூன்றாவது, பதற்றத்தில் நேரும் பிழையைத் தாங்குதல். ஒருவர் பலமுறை அழுத்தினாலும் ஒரு வாக்கே பதிவாகும். அலுவலர் மீண்டும் அனுமதித்தால்தான் அடுத்த வாக்கு. ஆயினும், முதலில் தவறாக அழுத்திவிட்டால் திருத்த முடியாது. இது ஒரு குறையே.

நான்காவது, எவரையும் ஒதுக்காமை. பார்வையற்றோர் தடவி அறியப் பொத்தான்களின் அருகே பிரெய்ல் எண்கள் உள்ளன.

தோழியரே! பொறி முன் தடுமாறும் முதியவரைக் கண்டு நகைக்க வேண்டாம். குறை அவரிடம் இல்லை. அவரை எண்ணாமல் செய்த பொறியிடமே உள்ளது. வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையுடன் கற்றுக்கொடுப்போம். இரகசிய எண்ணைப் பிறரிடம் சொல்லக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வோம். நாளை நம்முள் சிலர் இத்தகைய பொறிகளை வடிவமைக்கும் பொறியாளர் ஆகலாம். அன்று ஒரு பொறியைச் செய்து முடித்ததும் அந்த அவ்வாவை அதன் முன் நிறுத்திப் பார்ப்போம். அவர் தனியாக வேலையை முடித்துக்கொண்டு சிரித்த முகத்துடன் திரும்பினால், நம் படிப்பு பயன்பட்டது என்று மகிழலாம்!