டின்னைத் திறக்கும் கருவியும் நம் கைகளும்

தீபாவளியை ஒட்டி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவை எல்லாம் பட்டாசுக் காயங்களே என்று பலர் எண்ணுகின்றனர். பட்டாசுக் காயங்கள் பண்டிகை நாளில்தான் வருகின்றன. அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் நாங்கள் காண்பவை பெரும்பாலும் சமையலறைக் காயங்கள். அவற்றுள் ஒருவகை, தகர டின்னைத் திறக்கும்போது ஏற்படுவது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெண்மணி, பனியன் நிறுவனமொன்றில் ஓவர்லாக் தையலர். போனஸ் வாங்கிய அன்றிரவு, பிள்ளைகளுக்கு இனிப்புச் செய்வதற்காகக் கன்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றைத் திறக்க முற்பட்டிருக்கிறார். காய்கறிக் கத்தியின் முனையை டின்னின் மேல் நிறுத்திப் பூரிக்கட்டையால் தட்டினார். கத்தி வழுக்கி, டின்னைப் பிடித்திருந்த இடக்கை ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியில் இறங்கியது. காயம் ஒன்றரை சென்டிமீட்டர் நீளந்தான். காப்பித்தூளை வைத்து அழுத்தியதும் இரத்தம் நின்றுவிட்டது. பண்டிகை முடிந்து நான்காம் நாள், விரல் மடங்கவில்லை என்பதற்காகவே மருத்துவமனைக்கு வந்தார்.

விரலின் உள்ளங்கைப் பக்கத்தில் தோலுக்கு மிக அருகிலேயே முக்கியமான உறுப்புகள் செல்கின்றன. விரலை மடக்கும் தசைநாண்கள் இரண்டு. அவற்றின் இருபுறமும் தொடு உணர்வைத் தரும் நரம்புகள், இரத்தக் குழாய்கள். இவை எல்லாம் ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குள் அடங்கிவிடும். ஆகவே காயத்தின் நீளத்தைக் கொண்டு அதன் கடுமையை அளவிட இயலாது. அறுபட்ட தசைநாண், இழுத்துவிட்ட ரப்பர்போல உள்ளங்கைக்குள் பின்வாங்கிக்கொள்ளும். சில நாள்களுக்குள் வந்தால் இரு முனைகளையும் நேரடியாக இணைத்துத் தைத்துவிடலாம். வாரக்கணக்கில் தாமதித்தால் முனைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அப்போது இரண்டு கட்டங்களாக அறுவை சிகிச்சை செய்ய நேரிடும். இப்பெண்மணிக்கு நேரடியாகவே தைக்க முடிந்தது. ஆயினும் பலகைக் கட்டு, நாள்தோறும் பயிற்சி, கனமான பொருளை எடுக்காதிருத்தல் என ஏறத்தாழ மூன்று மாதங்கள் கழிந்தன. தையல் இயந்திரத்தில் துணியை வழிநடத்துவதில் இடக்கைக்குப் பெரும் பங்குண்டு. பீஸ் கணக்கில் ஊதியம் பெறுபவருக்கு மூன்று மாதம் என்பது என்ன என்று இவ்வூரில் விளக்க வேண்டியதில்லை.

தையல் பிரிக்கும் நாளன்று உடன் வந்த அவருடைய மகள், "டாக்டர், எந்த டின் ஓப்பனர்ங்க வாங்கறது?" என்று கேட்டாள். அன்று என்னிடம் தெளிவான விடை இல்லை. கேள்வி சரியானது என்பதால் அதன்பின் கடைகளில் பார்த்தும், வாங்கிப் பயன்படுத்தியும் அறிந்துகொண்டதை இங்கு எழுதுகிறேன்.

டின் பிறந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகே அதைத் திறக்கும் கருவி பிறந்தது என்பது வியப்பான வரலாறு. தகரக் கலத்தில் உணவை அடைத்துக் காக்கும் முறைக்குப் பீட்டர் டியூராண்ட் இங்கிலாந்தில் 1810இல் காப்புரிமை பெற்றார். தொடக்ககால டின்கள் கனமான இரும்புத் தகட்டால் ஆனவை. உளியும் சுத்தியலும் கொண்டே அவற்றைத் திறந்தனர். 1855இல் இங்கிலாந்தின் ராபர்ட் யேட்ஸும், 1858இல் அமெரிக்காவின் எஸ்ரா வார்னரும் குத்தித் திறக்கும் கருவிகளைக் கொண்டுவந்தனர். சக்கரத்தால் வெட்டும் கருவியை 1870இல் வில்லியம் லைமன் உருவாக்கினார். டின்னின் விளிம்பைப் பற்றிக்கொள்ளும் பல்சக்கரம் 1925இல் சேர்ந்தது. நம் வீடுகள் பலவற்றில் நாம் இன்னும் 1855க்கு முந்தைய காலத்திலேயே இருக்கிறோம். காங்கேயத்திலிருந்து வரும் பதினைந்து கிலோ எண்ணெய் டின்னைக் கத்தியும் சுத்தியலும் கொண்டு மூலையில் குத்தித் திறக்கும் பழக்கமே சிறிய டின்களுக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கடைகளில் கிடைக்கும் கைக்கருவிகள் மூன்று வகை. முதலாவது, குத்தி நெம்பும் வகை. மரப்பிடி அல்லது இரும்புப் பிடியில் கூரான அலகு ஒன்று இருக்கும். பாட்டில் மூடி திறக்கும் வளைவும் சேர்ந்திருப்பதுண்டு. விலை குறைவு என்பதால் பெரும்பாலான வீடுகளில் இதுவே உள்ளது. இதனை நான் பரிந்துரைப்பதில்லை. அலகைத் தகட்டினுள் இறக்க முதலில் ஓங்கி ஓர் அழுத்தம் தர வேண்டும். அந்தக் கணத்தில் வழுக்கினால் அலகு செல்லும் திசை, டின்னைப் பிடித்திருக்கும் மற்றொரு கைதான். தப்பித்துத் திறந்துவிட்டாலும் மூடியின் விளிம்பு அரம்போலப் பிசிறு பிசிறாக நிற்கும். கரண்டியை விடுத்து விரலால் வழிப்பவர்களின் காயங்களை நான் தைத்திருக்கிறேன்.

இரண்டாவது, இரு கைப்பிடிகளும் திருகும் சாவியும் கொண்ட சக்கர வகை. கைப்பிடிகளைச் சேர்த்து அழுத்தினால் வெட்டுச் சக்கரம் மூடியில் இறங்கும். சாவியைத் திருகினால் பல்சக்கரம் டின்னைச் சுற்றிக்கொண்டே போகும். ஓங்கிக் குத்தும் வேலை இல்லாததால் பாதுகாப்பு பல மடங்கு கூடுகிறது. குறை, வெட்டிய மூடி கூரிய விளிம்புடன் உணவுக்குள் விழுவதே. முழுச் சுற்றும் வெட்டாமல் ஒரு விரலகலம் விட்டுவைத்து, கரண்டிக் காம்பால் மூடியை நிமிர்த்தி மடக்குவது நல்லது.

மூன்றாவது, பக்கவாட்டில் வெட்டும் வகை. இது மூடியைத் துளைக்காமல், மூடியும் உடலும் மடிந்து சேரும் விளிம்பை வெளிப்புறமிருந்து வெட்டுகிறது. மூடி முழுமையாகத் தனியே வந்துவிடும்; உணவுக்குள் விழாது; விளிம்பும் பெரும்பாலும் கையை அறுக்காது. சக்கரம் உணவில் படுவதும் அரிது. புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் உள்ள வீடுகளுக்கு இதுவே பொருத்தம். விலை கூடுதல், முதல் இரண்டு முறை கருவியை எப்படிப் பொருத்துவது என்று குழப்பமும் வரும். பழகிய பின் என் வீட்டில் வேறொன்றைத் தொடுவதில்லை.

எந்த வகையானாலும் கடையிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். அனுப்பர்பாளையம் பாத்திரக் கடையொன்றுக்கு நான் பால் டின்னுடன் சென்றபோது கடைக்காரர் சிரித்தார். பிறகு அவரே ஆர்வமாகி, தம்மிடமிருந்த ஓப்பனர்களை எல்லாம் எடுத்து வைத்தார். கைப்பிடிகளை மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். வெட்டுச் சக்கரத்துக்கும் பல்சக்கரத்துக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தால் அது டின்னை நழுவவிடும். சக்கரத்தை விரல் நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் ஆடக்கூடாது. சாவியைத் திருகும்போது பல்சக்கரம் தாமதமின்றி உடன் சுழல வேண்டும். ஆணி அடித்து இறுக்கிய இணைப்பு தளர்ந்திருந்தால் வாங்க வேண்டாம். மலிவான கருவிகள் முதலில் கெடுவது அவ்விடத்தில்தான்.

இனி, ஏற்கெனவே கையில் நோயுள்ளவர்களுக்கு. பிசிறு வெட்டுதல், செக்கிங், கைமடித்தல் போன்ற பணிகளில் ஒரே அசைவை நாள் முழுதும் செய்வோரிடம் இரு நிலைகளை அடிக்கடி காண்கிறோம். ஒன்று, கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் வரும் வலி. ஸ்விட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குர்வேன் 1895இல் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்குகிறது. மற்றொன்று, மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போதல். இரவில் கையை உதறிக்கொண்டு எழுவார்கள். இவர்களுக்கும், முடக்குவாதம் உள்ளவர்களுக்கும் மெல்லிய இரும்புக் கைப்பிடியும் சிறிய சாவியும் கொண்ட ஓப்பனர் துன்பமே தரும். விரல் நுனியால் இறுகக் கிள்ளிப் பிடிக்கும்போது கட்டைவிரலின் அடி மூட்டில் விழும் சுமை, நுனியில் தரும் விசையைப்போலப் பல மடங்காகும். எனவே பருமனான, சற்றே மென்மையான, வழுக்காத கைப்பிடியைத் தேடுங்கள். சாவி நீளமாக இருக்கட்டும்; நீளம் கூடினால் திருகத் தேவையான விசை குறையும்.

இவ்வகைப் பருத்த கைப்பிடிகள் பரவலானதற்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை உண்டு. அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், தம் மனைவி பெட்சி மூட்டுவாதத்தால் தோல்சீவியைப் பிடிக்க முடியாமல் தவிப்பதைக் கண்டு, தடித்த ரப்பர் பிடியுள்ள சமையல் கருவிகளை 1990இல் சந்தைக்குக் கொண்டுவந்தார். நோயுற்ற கைக்கென எண்ணியவை எல்லாக் கைகளுக்கும் வசதியாக அமைந்தன. அத்தகைய பிடி கிடைக்கவில்லையெனில், இருக்கும் கைப்பிடியின்மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினாலும் போதும். எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவில் நோயாளிகளுக்கு இதைச் செய்து தருகிறோம்.

இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் கவனிக்க: பெரும்பாலான ஓப்பனர்கள் வலக்கையால் சாவியைத் திருகுமாறு அமைந்தவை. கடையில் கையில் எடுத்துத் திருகிப் பாராமல் வாங்காதீர்கள்.

திறக்கும்போது டின்னைத் தரையிலோ மடியிலோ வைக்க வேண்டாம்; முழங்கை உயரத்தில் உள்ள மேடையில் வையுங்கள். அடியில் ஈரத் துணி விரித்தால் டின் நகராது. உலர்ந்த துணி கிரானைட் மேடையில் வழுக்கும். நனைத்துப் பிழிந்தது ஒட்டிக்கொள்ளும். பனியன் வேஸ்ட் துணிக்கு நம் ஊரில் பஞ்சமா? வளையம் இழுத்துத் திறக்கும் டின்களில், வளையத்தை நகத்தால் தூக்காமல் கரண்டிக் காம்பால் தூக்குங்கள். நோயாளிகளுக்குத் தரும் ஊட்டச்சத்து மாவு டின்களின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தகடும் கையை அறுக்கக்கூடியது. அதை மெதுவாக உரித்து, ஓரத்தில் எஞ்சிய பகுதியையும் நீக்கிவிட்டே அளவுக் கரண்டியை உள்ளே விடுங்கள்.

பயன்படுத்திய ஓப்பனரை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர்த்துங்கள். சக்கரத்தில் காய்ந்த பாலும் பாகும் அடுத்த டின்னுக்குள் இறங்குகின்றன. சுழலும் இடத்தில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விட்டால் துரு அண்டாது. மேலோ கீழோ உப்பிய டின்னை எக்கருவியாலும் திறக்க வேண்டாம். உள்ளே நுண்ணுயிர் வளர்ந்து வாயு உண்டாகியிருக்கலாம். அவற்றுள் சில, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குபவை. சுவைத்துப் பார்ப்பதும் ஆபத்து.

கவனித்தும் வெட்டிக்கொண்டால், ஓடும் குழாய் நீரில் காயத்தைக் கழுவி, தூய துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வேண்டாம். அவற்றைக் கழுவி எடுப்பதே எங்களுக்குத் தனி வேலையாகிவிடுகிறது. இரத்தம் நின்றபின் விரலின் ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மடக்கி, நீட்டிப் பாருங்கள். விரல் நுனியின் இருபுறமும் பஞ்சால் வருடி, உணர்வு மற்ற விரல்களைப்போல உள்ளதா என ஒப்பிடுங்கள். மடங்காவிட்டாலோ, மரத்திருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் சிறிதாயினும் அன்றே வாருங்கள். நீரிழிவால் விரல்களில் உணர்வு குறைந்தவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் இச்சோதனையை நம்பிக் காத்திராமல் நேரே வந்துவிடுவது நல்லது. கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து ஆண்டுகள் கடந்திருந்தால், ரணஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்மணி இப்போது மீண்டும் ஓவர்லாக் இயந்திரத்தில்தான் இருக்கிறார். ஆள்காட்டி விரலின் நுனிக் கணு மட்டும் முழுமையாக மடங்குவதில்லை. சென்ற ஆண்டு பரிசோதனைக்கு வந்தபோது, மகள் தேர்ந்தெடுத்த பக்கவாட்டு ஓப்பனரைக் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சாவி சற்று இறுக்கமாக இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விடுமாறு சொல்லி அனுப்பினேன்.