புகையிலை: எல்லோரும் ஒரே செய்தியைச் சொல்வது எப்படி?

புகையிலை கெடுதல் என்று தெரியாதவர்கள் இன்று குறைவு. சுவரொட்டி “புகைக்காதீர்” என்கிறது. மருத்துவர் “குறைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் “வாயில் அடக்கினால் நுரையீரலுக்கு ஒன்றுமில்லை” என்கிறார். விட மனமில்லாதவர் தமக்கு வசதியானதையே பிடித்துக்கொள்வார். எனவே பிரசாரத்தில் இறங்குமுன் ஊரின் மருத்துவர், செவிலியர், ஆசிரியர், தன்னார்வலர் அனைவரும் சேர்ந்து ஒரே செய்தியை எழுதிக்கொள்ள வேண்டும்: “எந்த வடிவிலும் புகையிலை வேண்டாம், முழுவதுமாக விடுங்கள், விடுவதற்கு உதவி உண்டு.”

முதல் படி, எல்லா வடிவங்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது. 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்தோரில் 10.7 சதவீதத்தினர் புகைத்தார்கள். மென்றோ அடக்கியோ பயன்படுத்தியோர் 21.4 சதவீதம். “புகைக்காதீர்” என்பதோடு நிறுத்தினால் பெரும்பகுதியினர் அது தமக்கில்லை என்று நினைத்துவிடுவார்கள். பீடி, சிகரெட், குட்கா, வெற்றிலையோடு போடும் போயிலை என்று மக்கள் வாயில் புழங்கும் பெயர்களையே எழுதுங்கள்.

இரண்டாம் படி, “முழுவதுமாக” என்ற சொல்லைத் தளர்த்தாமல் இருப்பது. 2018இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, நாளுக்கு ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், இருபது பிடிப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிடுகிறது. “ஒரேயடியாக விட முடியாதவர் என்ன செய்வார்?” என்று கேட்பது நியாயம்தான். படிப்படியாகக் குறைத்து விடுவதற்கான திட்டத்தை ஆலோசகர் தனியாக வகுத்துத் தரலாம். ஆனால் பொதுச்செய்தி, சேரவேண்டிய இடத்தையே காட்ட வேண்டும். வழியில் தங்கும் இடத்தை அல்ல.

மூன்றாம் படி, எச்சரிக்கையோடு பலனையும் வழியையும் சேர்ப்பது. பயமுறுத்தினால் போதும் என்பது சிலர் வாதம். படத்துடன் கூடிய எச்சரிக்கை கவனத்தை ஈர்ப்பது உண்மை. 2016 முதல் இந்தியாவில் புகையிலைப் பொட்டலத்தின் முக்கியப் பக்கங்களில் 85 சதவீதப் பரப்பை அது பிடித்திருக்கிறது. ஆனால் பயந்தவருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், அறுபது வயதில் விட்டவர்களுக்குச் சுமார் மூன்று ஆண்டுகளும், முப்பதில் விட்டவர்களுக்குச் சுமார் பத்து ஆண்டுகளும் ஆயுள் கூடியது. “இனி விட்டு என்ன பயன்?” என்பவருக்கு இதைச் சொல்லுங்கள். கூடவே 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணையும் கொடுங்கள்.

கடைசிப் படி, அச்சடிக்குமுன் பயன்படுத்துவோர் சிலரிடம் வாசித்துக்காட்டி, என்ன புரிந்தது என்று அவர்கள் சொல்லக் கேட்பது. தவறாகப் புரிந்த சொல்லை மாற்றுங்கள். இடத்துக்கு ஏற்ப உதாரணம் மாறலாம்; கருத்து மாறக்கூடாது. திரும்பத் திரும்பச் சொன்னால் சலிக்குமே என்று தயங்க வேண்டாம். சொல்கிற நமக்குத்தான் அது பழசு; இன்று விட நினைப்பவருக்குப் புதிது. உங்கள் ஊரின் அடுத்த சுகாதாரக் கூட்டத்தில் அந்த ஒரே செய்தியின் மூன்று பகுதிகளையும் முடிவு செய்யுங்கள். பிறகு எல்லோரும் அவற்றையே சொல்லுங்கள்.