மூன்றாவது இடம்

அன்புள்ள யாழினிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு கொஞ்ச நாள் எழுதவே கூடாதென்று உன் அத்தை பேனாவை எடுத்து எங்கோ ஒளித்துவிட்டாள். இன்றுதான் கைக்கு வந்தது.

இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். பாடப் புத்தகத்திலிருக்கும் 20 அமினோ அமிலங்களின் பெயரையும் மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டுமா என்பது ஒன்று. அதை மூன்று முறை அடிக்கோடிட்டிருந்தாய். இன்னொன்றைக் கடிதத்தின் ஓரத்தில் கிறுக்கியிருந்தாய்: ஞாயிற்றுக்கிழமை அம்மா வைத்த ஆட்டுக்கால் சூப்பில் மீந்ததை ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் கரண்டியைக் குத்தினால் நிற்கிற அளவுக்கு உறைந்துபோயிருந்ததே, ஏன்? எனக்கு ஓரத்தில் இருந்ததுதான் பிடித்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அடிக்கோடிட்ட கேள்விக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

உறைந்தது கொழுப்பு இல்லை. கொழுப்பு மேலே வெள்ளை ஆடையாகப் படிந்திருக்கும். அதை வழித்தெடுத்துவிட்டால் அடியில் தளதளவென்று கண்ணாடிபோல நிற்கிறதே, அது ஜெலட்டின். ஆட்டின் எலும்பிலும் தோலிலும் தசைநாணிலும் கயிறுபோல முறுக்கிக் கிடந்த கொலாஜன் என்ற புரதம், மணிக்கணக்காகக் கொதித்ததில் முறுக்கவிழ்ந்து தண்ணீரில் கலந்துவிட்டது. ஆறும்போது அந்த இழைகள் பழையபடி பின்னிக்கொள்ளப் பார்க்கின்றன. முழுக் கயிறாக முடியாமல் அங்கங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டு வலையாகி நிற்கின்றன. வலையின் கண்களில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ 30 டிகிரியைத் தாண்டினால் அந்த முடிச்சுகள் அவிழத் தொடங்கும். அடுப்படி மேடையில் வைத்த கொஞ்ச நேரத்தில் நம்மூர் வெக்கைக்கு அது மறுபடி சூப்பாகியிருக்குமே, கவனித்தாயா?

இந்தக் கொலாஜன் ஆட்டுக்கு மட்டும் உரியதல்ல. உன் உடம்பிலுள்ள மொத்தப் புரதத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் இதுதான். தோல், எலும்பு, குருத்தெலும்பு, கண்ணின் கருவிழிப்படலம் என்று இழுத்துக் கட்டவேண்டிய இடத்திலெல்லாம் இது இருக்கிறது. அடையாறில் தோல் ஆராய்ச்சிக்கென்றே மத்திய நிறுவனம் ஒன்று 1948 முதல் இருக்கிறதே, அவர்கள் அங்கே ஆராயும் தோலிலும் முக்கியமாக இருப்பது கொலாஜன்தான். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையை ஊறவைத்த தண்ணீரில் தோலைப் பதப்படுத்தினார்களே, அந்தப் பட்டையின் துவர்ப்புச் சத்து கொலாஜன் இழைகளைப் பிடித்துக் கட்டுவதால்தான் தோல் அழுகாமல் செருப்பாகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமினோ அமிலம் என்பது என்ன? நடுவில் ஒரு கார்பன். அதற்கு நான்கு கை. ஒரு கையில் அமினோ தொகுதி, ஒரு கையில் அமிலத் தொகுதி, மூன்றாவது கையில் ஒரு ஹைட்ரஜன். இந்த மூன்றும் எல்லாருக்கும் பொது. நான்காவது கையில் என்ன இருக்கிறது என்பதில்தான் இருபதும் இருபது விதமாகின்றன. அதைப் பக்கச் சங்கிலி என்போம். ஒன்றின் அமிலத் தொகுதியும் அடுத்ததின் அமினோ தொகுதியும் ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கழித்துவிட்டு இணைந்தால் பெப்டைடு பிணைப்பு. இப்படியே நூறு, ஆயிரம் என்று கோத்தால் புரதம். இதுவரை உன் புத்தகத்திலேயே இருக்கும். வேகமாகத் தாண்டிவிடலாம்.

புத்தகம் வேகமாகத் தாண்டுகிற ஓரிடத்தில்தான் நாம் நிற்கப்போகிறோம். இருபதில் முதலாவதாக எழுதப்படும் கிளைசினைப் பார். அதன் நான்காவது கையிலும் வெறும் ஹைட்ரஜன்தான். பக்கச் சங்கிலி என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றுமில்லை. 1820இல் பிரான்சில் ஆன்ரி பிராக்கொனோ என்பவர் ஜெலட்டினைக் கந்தக அமிலத்தில் வேகவைத்தபோது வந்த படிகம் இது. நாக்கில் வைத்தால் இனித்தது. அதனால் அவர் அதை ஜெலட்டின் சர்க்கரை என்றே அழைத்தார். கிளைசின் என்ற பெயர் பிறகு வந்தது, கிரேக்கத்தில் இனிப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து. உன் அம்மாவின் சூப்புச் சட்டியும் அவருடைய குடுவையும் நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்.

கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கிளைசின்தான். இது 1950களுக்கு முன்பே தெரியும். ஏன் அவ்வளவு என்பதுதான் தெரியாது. உறுதிக்குப் பெயர்போன புரதத்தில், இருப்பதிலேயே சிறியதை வந்து இவ்வளவு அடைத்து வைப்பானேன்?

1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார் ஜி. என். ராமச்சந்திரன். வயது முப்பதுதான். எர்ணாகுளத்தில் பிறந்தவர், பெங்களூரில் சி. வி. ராமனிடம் படித்தவர், கேம்பிரிட்ஜ் போய் வந்தவர். அந்தச் சமயத்தில் இங்கு வந்திருந்த பெர்னால் என்ற அயர்லாந்து விஞ்ஞானி, கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார். கூட கோபிநாத் கர்த்தா. எக்ஸ் கதிர்ப் படத்துக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது கங்காருவின் வால் தசைநாண். சிரிக்காதே. தசைநாணில் இழைகளெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். படம் தெளிவாக விழும்.

படத்தையும் மூன்றில் ஒரு பங்கு என்ற அந்தக் கணக்கையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது விடை வந்தது. கொலாஜன் ஓர் இழை அல்ல, மூன்று. முதலில் 1954இல் மூன்றும் பக்கம்பக்கமாக நிற்பதாக எழுதினார்கள். 1955இல் திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்டிருப்பதாக எழுதினார்கள். இரண்டும் நேச்சர் இதழில் வந்தன.

தென்னை நார்க் கயிறு திரிப்பவரைப் பார்த்திருக்கிறாயா? ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கம் முறுக்குவார். பிறகு புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்குவார். இரண்டு முறுக்கும் ஒன்றையொன்று அவிழவிடாது. கொலாஜனிலும் அதேதான். தனி இழை இடக்கைத் திருகு, மூன்றும் சேர்ந்த கயிறு வலக்கைத் திருகு. தடிமன் 1.5 நானோமீட்டர், நீளம் 300. ஒரு சென்டிமீட்டர் தடிமனில் திரித்தால் இரண்டு மீட்டர் நீளக் கயிறு என்று கணக்கு.

இப்போது மூன்றாவது இடத்துக்கு வா. மூன்று இழையும் இவ்வளவு நெருக்கிப் பின்னும்போது, ஒவ்வொரு இழையிலும் மூன்று அமிலத்துக்கு ஒன்று கயிற்றின் நட்டநடுவுக்குள் வந்துவிழுகிறது. அங்கே இடமே இல்லை. ஒரு ஹைட்ரஜன் நுழையலாம், அதற்கு மேல் எதுவும் நுழையாது. ஆகவே அந்த இடத்தில் கிளைசினைத் தவிர யாரையும் உட்கார வைக்க முடியாது. நம் எலும்பிலும் தோலிலும் மிகுதியாக உள்ள கொலாஜனில், முறுக்கிய பகுதி ஓர் இழைக்கு 1014 அமிலம். கிளைசின், ஒன்று, மற்றொன்று. கிளைசின், ஒன்று, மற்றொன்று. 338 முறை, ஓரிடம்கூடத் தப்பாமல்.

தப்பினால்? கிளைசினுக்கு அடுத்த சிறிய அமிலம் அலனின். ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் அதற்குக் கூடுதல். பெரும்பாலும் இதைவிடப் பெரியவைதான் அங்கே வந்து உட்காருகின்றன. மரபணுவில் ஓரெழுத்து மாறி, 338 கிளைசின்களில் ஒன்றின் இடத்தில் வேறொன்று வந்துவிட்டால், அந்த இடத்தில் கயிறு பிசகுகிறது. தவழ்கிற வயதிலேயே எலும்பு முறிகிற பிறவி நோய் பலருக்கு வருவது இப்படித்தான். சிலருக்குக் கருவிலேயே முறிந்துவிடும். கல்லூரியில் இதை வருஷாவருஷம் நடத்தியிருக்கிறேன். இந்த இடம் வரும்போது மட்டும் குரலைச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

ராமச்சந்திரன் கதை அங்கே முடியவில்லை. 1955லேயே கேம்பிரிட்ஜிலிருந்து ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் ஓர் ஆட்சேபம் எழுப்பினார்கள். டி.என்.ஏ. புகழ் கிரிக்தான். மூன்று இழை, முறுக்கு, எல்லாம் சரி, ஆனால் இவர்கள் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள். மூன்று அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்று சென்னை சொன்னது. ஒன்றுக்குமேல் முடியாது என்றது கேம்பிரிட்ஜ். பிணைப்புக் கணக்கில் பிற்காலச் சான்றுகள் கேம்பிரிட்ஜ் பக்கம்தான் சாய்ந்தன. முறுக்கிய முச்சுருள் என்ற அடிப்படை சென்னையுடையது. இதில் யாருக்கு எவ்வளவு பெருமை என்று இங்கே இன்னமும் வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதத்தைவிட அடுத்து நடந்ததுதான் பெரிது.

‘அளவுக்கு மீறி நெருக்கம்’ என்கிறார்களே, அந்த அளவு எது? அணுக்கள் எதுவரை நெருங்கலாம் என்று யார் வரையறுத்தது? ராமச்சந்திரனும் வி. சசிசேகரனும் சி. ராமகிருஷ்ணனும், அதுவரை வெளிவந்த படிக அமைப்புகளையெல்லாம் புரட்டி, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு கிட்டத்தில் உண்மையில் நிற்கிறது என்று அட்டவணை போட்டார்கள். பிறகு அதை வைத்துக்கொண்டு, கொலாஜன் மட்டுமல்ல, எந்தப் புரத இழையும் எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று கணக்கிட்டார்கள்.

அதை இப்படி நினைத்துப் பார். பெப்டைடு பிணைப்பு தட்டையானது, விறைப்பானது. சீட்டுக்கட்டு அட்டை மாதிரி. அட்டைகளை மூலைக்கு மூலை நூலால் கட்டித் தொங்கவிட்டால், அட்டை மடங்காது. முடிச்சில் மட்டும் திரும்பும். அந்த முடிச்சுதான் நடுக் கார்பன். அதற்கு முன்னால் ஒரு திருப்பம், பின்னால் ஒரு திருப்பம். ஃபை, சை என்று இரண்டு கோணம், அவ்வளவுதான். ஒன்றைக் கிடையாகவும் மற்றதை நெடுக்காகவும் போட்டு வரைபடம் கீறி, அணுக்கள் முட்டிக்கொள்ளும் இடங்களையெல்லாம் அடித்துவிட்டார்கள். மிஞ்சியது சில தீவுகள்தான். பெரும்பகுதி வெறுங்கடல். 1963இல் வெளியான அதன் பெயர் இன்று உலகம் முழுக்க ராமச்சந்திரன் வரைபடம். எந்த ஊரில் யார் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று பார்க்க இந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

அந்தப் படத்திலும் கிளைசினுக்குத் தனிச் சலுகை. மற்றவை முட்டிக்கொள்ளும் கோணங்களில்கூட அது நிற்கும், முட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாததால். புரதம் சட்டென்று திரும்பவேண்டிய திருப்பங்களில் அது அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் இதுதான். நேர்மாறாகப் புரோலின் தன் பக்கச் சங்கிலியை வளைத்துத் தன் முதுகெலும்பிலேயே பூட்டிக்கொண்டது. அதனால் அசைய முடியாது. கொலாஜனில் கிளைசினுக்கு அடுத்த இரண்டு இடங்களில் இந்தப் புரோலினும் அதன் உறவான ஹைட்ராக்சிபுரோலினும் நிறைய. நெகிழ்கிற ஒன்றையும் விறைப்பான இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்திருக்கிறது.

ஹைட்ராக்சிபுரோலின் உன் புத்தகத்தின் இருபதில் கிடையாது. அதற்கென்று மரபணுவில் எழுத்தும் இல்லை. இழை கோத்த பிறகு, புரோலின்மேல் ஓர் ஆக்சிஜனை ஒரு நொதி ஒட்டவைக்கிறது. அந்த நொதிக்குள் ஓர் இரும்பு அணு. அதைத் துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வைட்டமின் சி வேண்டும். அது இல்லையென்றால் ஆக்சிஜன் ஒட்டாது. ஒட்டாத கயிறு 24 டிகிரியிலேயே அவிழ்ந்துவிடும், உன் உடம்போ 37 டிகிரி. மாதக்கணக்காக உப்புக்கண்டமும் ரொட்டியுமே தின்று கப்பலில் போனவர்களுக்கு ஈறு கசிந்ததும், ஆறிய பழைய தழும்பு திறந்துகொண்டதும் இதனால்தான். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 12 நோயாளி மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆறு வைத்தியம் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் கிடைத்த இருவர்தான் சட்டென்று எழுந்து நடமாடினார்கள். காரணம் அவருக்குத் தெரியாது. இருநூறு வருஷத்துக்கு மேலாயிற்று அது தெரிய. குளிர்கடலில் திரியும் காட் மீனின் கொலாஜனில் ஹைட்ராக்சிபுரோலின் குறைவு. அது சுமார் 15 டிகிரியிலேயே அவிழும். அதன் கடலுக்கு அது போதும்.

ஆட்டுக்கால் குடித்தால் மூட்டு வலுக்கும் என்று உன் பாட்டி சொன்னதாக எழுதியிருந்தாய். பாட்டியோடு சண்டைக்குப் போகாதே. ஆனால் கால் தின்றால் காலுக்குப் போய்ச் சேரும் என்று உடம்பில் அஞ்சல் பிரிவு எதுவும் இல்லை. வயிறும் குடலும் அதைப் பெரும்பாலும் அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் வெட்டிப் பொதுக்கிடங்கில் போட்டுவிடும். தவிர, கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசிய அமிலம் அறவே இல்லை. புரதம் என்ற கணக்கில் அது அரைகுறைதான். அந்த வகையில் அரிசியும் பருப்பும் சேர்ந்த பொங்கல் எவ்வளவோ மேல். அரிசியில் குறைகிற லைசினைப் பருப்பு தரும். பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி தரும். கொலாஜன் பொடி டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற உன் சித்திக்கும் இதைச் சொல், மெதுவாக.

பெயர்களை மனப்பாடம் செய்துவிடு, தேர்வு வேறு, வேறு வழியில்லை. ஆனால் ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது நான்காவது கையில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் வரைந்து வை. பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்த முறை அம்மா சூப்பு வைக்கும்போது ஒரு காரியம் செய். வடிகட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கிண்ணத்தில் ஊற்று. ஒன்றில் பச்சைப் பப்பாளிக்காய் அரைத்த விழுது ஒரு கரண்டி. இன்னொன்றில் அதே விழுதைக் கால் மணி நேரம் கொதிக்கவைத்து ஆறிய பிறகு ஒரு கரண்டி. கலக்கி, இரண்டையும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வை. கல்யாணப் பிரியாணிக்கு ஆட்டுக்கறியில் சமையற்காரர்கள் எதற்காகப் பப்பாளிக்காய் தடவுகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டு வைத்துக்கொள். காலையில் எந்தக் கிண்ணத்தில் கரண்டி நிற்கிறது, எதில் சாய்கிறது, ஏன் என்று எனக்கு எழுது. இந்த முறை ஓரத்தில் கிறுக்காமல் நடுப்பக்கத்தில்.

அன்புடன்,
மாமா