பிள்ளைகளின் உடல்வலுவும் அஸருக்குப் பிந்திய நேரமும்

பிள்ளை எத்தனை ஜுஸ்வு ஓதியிருக்கிறான், கணக்கில் எத்தனை மார்க் வாங்கினான் என்று விசாரிக்கிறோம். அவனால் ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம் நிற்க முடியும் என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் 'கேலோ இந்தியா' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட உடல்தகுதிச் சோதனையில் இதுவும் ஒன்று. 1 முதல் 3 வரையுள்ள வகுப்புப் பிள்ளையை 3 சென்டிமீட்டர் அகலமே உள்ள கட்டைமீது ஒற்றைக் காலில் நிறுத்தி, 60 விநாடிகளில் எத்தனை தடவை தடுமாறுகிறான் என்று எண்ணுகிறார்கள். மற்றொன்றில், மேஜைமேல் உள்ள இரு வட்டத் தட்டுகளை ஒரே கையால் மாறி மாறி 25 சுற்றுத் தொட வேண்டும். 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டமெல்லாம் 4-ஆம் வகுப்பிலிருந்துதான்.

அந்தச் சிறு வயதில் கண்ணும் கையும் காலும் ஒன்றுக்கொன்று இணங்கிப் பழகிக்கொண்டிருக்கின்றன. எறிவதும் பிடிப்பதும் நொண்டியடிப்பதும் வயது ஏறினால் தாமே வந்துவிடும் என்பது சரியல்ல. மக்ரஜ் ஒரே நாளில் யாருக்கு வந்தது? திரும்பத் திரும்பச் செய்தே இவையும் படிகின்றன. பந்தைப் பிடிக்கத் தெரியாத பிள்ளையைக் கூட்டாளிகள் கேலி செய்கிறார்கள், அவன் ஒதுங்குகிறான், ஒதுங்க ஒதுங்கப் பழக்கம் குறைகிறது. அவனைச் சோம்பேறி என்று ஏசுவது அநியாயம்.

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது உடல் உழைக்க வேண்டும், வாரத்தில் 3 நாளாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறியது. 2016-ஆம் ஆண்டின் உலகக் கணக்கில், 11 முதல் 17 வயதுள்ளவர்களில் இந்த அளவை எட்டாதவர்கள் ஆண்பிள்ளைகளில் 100-க்கு 78 பேர், பெண்பிள்ளைகளில் 85 பேர். எலும்பு உறுதிப்படும் அந்தப் பருவத்தில்தான் "இனி உனக்கென்ன ஆட்டம்?" என்று பெண்பிள்ளையை உட்கார வைக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருக்கிறது. வீட்டு மாடியில் கயிறு தாண்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை.

தொழுகையே போதிய உடற்பயிற்சிதானே என்பார் சிலர். தொழுகை இபாதத்து. அதில் வேண்டுவது நிதானம், மூச்சு வாங்குவதல்ல.

பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரந்தான் ஓடியாட மிஞ்சுகிறது. அதையும் டியூஷனும் மத்ரஸாவும் பங்குபோட்டுக்கொண்டால் அவன் எப்போது ஓடுவான்? ஓதும் நேரத்தை ஸுப்ஹுக்குப் பின்னரோ மஃரிபுக்குப் பின்னரோ மாற்ற இயலுமா என்று ஜமாஅத்தார்கள் ஆலோசிக்கட்டும். இயலாத ஊர்களில், ஓதும் நேரத்துக்கு நடுவே 20 நிமிஷம் மத்ரஸா முற்றத்தில் நொண்டி ஆட விடலாம். சத்தம் போடுகிறார்கள் என்று பெரியவர்கள் விரட்டாமல் இருந்தால்.